அன்பளிப்பும் கையூட்டும்

அன்பளிப்பு எப்போது கையூட்டாகிறது? கொடுப்பவரின் உள்ளத்தைப் பொறுத்தா, பெறுபவரின் பதவியைப் பொறுத்தா? இங்கிலாந்து நாட்டில் ‘லார்டு சான்சலர்’ என்னும் உயர் நீதிப் பதவியை வகித்த இருவரின் வரலாறு இவ்வினாவைத் தெளிவாக்குகிறது.

முதலாமவர் புனித தாமஸ் மோர். 1529 முதல் 1532 வரை அப்பதவியில் இருந்தவர். அக்காலத்தில் புத்தாண்டையொட்டிப் பெரியோருக்குப் பரிசளிப்பது நாட்டு வழக்கம். அதை மறுப்பது பண்பன்று. அவரது தீர்ப்பால் பயனடைந்த செல்வக் கைம்பெண் ஒருவர், கையுறைகளுக்குள் 40 பவுன் மதிப்புள்ள பொற்காசுகளை வைத்துக் கொணர்ந்தார். மோர் கையுறைகளை ஏற்றார். பொன்னைத் திருப்பிக் கொடுத்தார். அவர் பதவி விலகிய பின், வழக்காடிய ஒருவரின் மனைவியிடம் பொன்முலாம் பூசிய கிண்ணம் பெற்றார் என்று குற்றம் சாட்டினர். பெற்றதை அவர் ஒப்புக்கொண்டதும் பகைவர் மகிழ்ந்தனர். எஞ்சியதையும் கேட்குமாறு வேண்டினார் மோர். அக்கிண்ணத்தில் திராட்சை இரசம் நிரப்பச் செய்து, அப்பெண்மணியை வாழ்த்திப் பருகிய பின், அவர் கணவருக்குத் தம் புத்தாண்டுப் பரிசாக அதனையே திருப்பி அளித்திருந்தார்! இவற்றை எழுதி வைத்தவர் அவருடைய மருமகன் வில்லியம் ரோப்பர்.

இரண்டாமவர் பேரறிஞர் பிரான்சிஸ் பேக்கன். 1618-இல் அப்பதவி ஏற்றவர். 1621-இல் அவர்மேல் நாடாளுமன்றத்தில் முறையிட்டவர்களுள் ஒருவர் 100 பவுனும், மற்றொருவர் 400 பவுனும் கொடுத்தவர்கள். கொடுத்தும் தீர்ப்பு தமக்கு எதிராக அமைந்ததே அவர்களது மனக்குறை! பேக்கன் 28 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். பதவி பறிபோனது, 40,000 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது, இலண்டன் கோட்டைச் சிறையில் சில நாள்கள் அடைபட்டார். தண்டத்தை மன்னர் பின்னர் நீக்கினார். இழந்த பெயர் மீளவில்லை.

பரிசு தம் தீர்ப்பை வளைக்கவில்லை என்றே பேக்கன் வாதிட்டார். அது உண்மையாகவே இருக்கட்டும். எனினும், நீதி விலைக்குக் கிடைக்கும் என்று கொடுத்தவர் நம்பினாரே! கொடுக்க வழியற்றவன் எந்த நம்பிக்கையோடு அந்த வாயிலை மிதிப்பான்? விடுதலைப் பயண நூலின் 23-ஆம் அதிகாரம் கையூட்டை விலக்கும்போது, தீயோரை மட்டும் எண்ணிப் பேசவில்லை. தெளிந்த பார்வையுடையோரும் அதனால் மங்கிவிடுவர் என்றே எச்சரிக்கிறது.

தாமஸ் மோரை 2000-ஆம் ஆண்டில் அரசியலாரின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தார். ஆயினும் இவ்வரலாறு ஆள்வோருக்கு மட்டும் உரியதன்று; கொடுப்போருக்கும் உரியது. நம் நாட்டு ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்ட பின் கொடுப்பவரையும் நேரடியாகக் குற்றவாளியாக்குகிறது; வற்புறுத்தலுக்கு உள்ளாகிக் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் முறையிட வேண்டும் என்கிறது.

கேட்டதால் கொடுத்தோம் என்கிறோம். கேளாமலே கொடுப்பதும் நம்மிடம் உண்டு. கிறிஸ்து பிறப்பு விழாவன்று அதிகாரியின் இல்லத்துக்கு நாம் அனுப்பும் கேக்குப் பெட்டி, அவர் அப்பதவியில் இல்லாதிருந்தாலும் போயிருக்குமா? இக்கேள்விக்கு நேர்மையாக விடை கூறுவோம். அதே அலுவலக வாயிலில் வெறுங்கையோடு காத்து நிற்கும் ஏழைக்கு நாம் செய்யக்கூடிய முதல் அறம் அதுவே.