சூயஸ் நெருக்கடி (1956)

எகிப்து அதிபர் நாசர் 1956 ஜூலை 26 அன்று அலெக்சாந்திரியாவில் உரையாற்றும்போது, சூயஸ் கால்வாயை வெட்டிய லெசெப்ஸின் பெயரைச் சொன்னதுமே, அதையே சமிக்ஞையாகக் கொண்டு அவருடைய ஆட்கள் கால்வாய் நிறுவனத்தின் அலுவலகங்களைக் கைப்பற்றினர். அக்டோபர் இறுதியில் இஸ்ரேலும், அதனுடன் ரகசியமாகப் பேசிவைத்திருந்த பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின.

பிரிட்டன் களத்தில் தோற்கவில்லை. போர்ட் சயீத் அதன் கைக்கு வந்துவிட்டது. அதைப் பணியவைத்தது பணம். பவுண்டின் மதிப்பைத் தாங்கிய கையிருப்பு கரைந்துகொண்டிருந்தபோது, படை விலகாமல் பன்னாட்டு நிதியத்தின் உதவிக்கு வழிவிட முடியாது என்று அமெரிக்கா கைவிரித்தது. நவம்பர் 6 நள்ளிரவில் சண்டை நின்றது. டிசம்பரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் வெளியேறின. 1957 ஜனவரியில் பிரதமர் ஈடன் பதவி விலகினார். பிரிட்டன் பணிந்ததற்கு சோவியத்தின் ஏவுகணை மிரட்டலே காரணம் என்போர் உண்டு. ஆனால் மாஸ்கோ அப்போது ஹங்கேரிக் கிளர்ச்சியை ஒடுக்குவதில் மூழ்கியிருந்தது. லண்டன் அமைச்சரவையில் எடுபட்டது, முதலில் படையெடுப்புக்குத் துடித்த நிதியமைச்சர் மாக்மில்லன் பவுண்டைப் பற்றி விடுத்த எச்சரிக்கைதான். (ஈடனுக்குப் பின் பிரதமரானவரும் அவரே.) சூயஸில் அல்ல, இந்தியா விடுதலை பெற்ற 1947-லேயே பிரிட்டிஷ் பேரரசு முடிந்துவிட்டது என்ற வாதம் பாதி உண்மை. வாஷிங்டனைக் கேட்காமலே போர் தொடுக்கலாம் என்ற நம்பிக்கை லண்டனில் 1956 வரை உயிரோடுதான் இருந்தது.