டெனெரீஃப் விபத்தும் வானொலிப் பேச்சு விதிகளும்

விமானிகளும் தரைக்கட்டுப்பாட்டாளர்களும் இன்று வானொலியில் கடைப்பிடிக்கும் கறாரான பேச்சுமுறையின் முக்கியப் பகுதி, 1977 மார்ச் 27 அன்று நடந்த பெருவிபத்துக்குப் பின் உருவானது. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரீஃப் தீவின் லோஸ் ரோதியோஸ் விமான நிலையத்தை அன்று மூடுபனி சூழ்ந்திருந்தது. ஒரே ஓடுபாதையில் கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு போயிங் 747 விமானங்கள் இருந்தன.

கேஎல்எம் துணை விமானி, பயணப்பாதை அனுமதியைத் திருப்பிச் சொல்லிவிட்டு, டேக்-ஆஃப் நிலையில் இருப்பதாகச் சேர்த்துச் சொன்னார். கட்டுப்பாட்டாளர் "ஓகே" என்றார். சற்று இடைவெளிவிட்டு, காத்திருக்கும்படி கூறினார். அதே நொடியில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகப் பான் ஆம் விமானமும் அறிவித்தது. ஒரே அலைவரிசையில் இரு குரல்கள் மோதியதால், கேஎல்எம் விமானி அறையில் "ஓகே"வுக்குப் பின் கீச்சொலியே மேலோங்கியது. கேஎல்எம் விமானம் நிற்காமல் மேலெழ ஓடியதால், விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர்.

அதன்பின் விதிகள் இறுகின. "டேக்-ஆஃப்" என்ற சொல்லை, மேலெழும் அனுமதியைத் தரும்போதோ ரத்து செய்யும்போதோ மட்டுமே பயன்படுத்த வேண்டும்; மற்ற இடங்களில் "டிபார்ச்சர்" என்றே சொல்ல வேண்டும். ஓடுபாதை அனுமதிகளுக்கு வெறும் "ஓகே" போதாது; விமானி அவற்றை முழுமையாகத் திருப்பிச் சொல்வது கட்டாயம்.