எழுதப்படாத சொல்லும் எரிந்த ஆலயமும்

தமிழில் ‘மறை’ என்னும் சொல் மறைத்தலையும் குறிக்கும், திருநூலையும் குறிக்கும். தமிழ்க் கிறித்தவர் தம் சமயப் பாடத்தை மறைக்கல்வி என்றே வழங்குகின்றனர். எல்லோர்க்கும் நற்செய்தி அறிவிக்க வந்த சமயத்திற்கு இப்பெயர் பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். கிறித்தவத்தின் முதல் நூற்றாண்டுகளையும், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சமயத்தையும் ஒருங்கே நோக்கின் அதன் பொருத்தம் விளங்கும்.

எருசலேம் ஆலயத்தின் திருத்தூயகத்தைத் திரையொன்று மூடியிருந்தது. தலைமைக் குரு மட்டும் ஆண்டுக்கு ஒரு நாள் அதனுள் புகுவார். இயேசு உயிர்நீத்த வேளையில் அத்திரை கிழிந்ததாக நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. கி.பி. 70இல் உரோமர் ஆலயத்தையே அழித்தனர். அத்துடன் மறைவும் ஒழிந்தது எனக் கருதத் தோன்றும். ஆனால் துணியால் ஆன திரை போன இடத்தில் மௌனத்தால் ஆன திரை வந்தது.

4ஆம் நூற்றாண்டில், திருமுழுக்குப் பெறாதோர் மறைநூல் வாசகமும் உரையும் கேட்டபின் வெளியே அனுப்பப்பட்டனர். நற்கருணை வழிபாட்டை அவர்கள் கண்டதில்லை. நம்பிக்கை அறிக்கை வாய்மொழியாகவே கற்பிக்கப்பட்டது. அதனை ஏட்டில் எழுதாது நெஞ்சில் நிறுத்துமாறு ஆசிரியர்கள் பணித்தனர். 5ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோசோமென், நிசேயா அறிக்கையின் வாசகத்தைத் தம் நூலில் சேர்க்க எண்ணியும், திருமுழுக்குப் பெறாதவர் கண்ணில் படக்கூடும் என்பதால் விடுத்தார். எருசலேம் ஆயர் சிரிலின் பெயரால் வழங்கும் மறையுரைகள், சடங்குகளின் பொருளை அவற்றைப் பெற்றபின்னரே விளக்குகின்றன. செவியால் அறிவதினும் கண்டு அறிவதே உறுதியானது என்பது அவற்றின் கருத்து. பின்னர்க் குழந்தைத் திருமுழுக்கு பொதுவழக்காயிற்று. வெளியே நிற்போர் அருகவே, மறைவும் தேய்ந்தது.

பதினான்கு நூற்றாண்டுகள் கழித்து அம்மறைவு வேறொரு மண்ணில் தலைகாட்டியது. மார்மன் சமயத்தைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித், 1842 மே 4ஆம் நாள், இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில், தம் கடையின் மேல்மாடியில், சிலருக்கு மட்டும் ‘எண்டோமென்ட்’ என்னும் சடங்கை அளித்தார். அதற்கு முந்தைய மார்ச்சில்தான் அவர் ஃபிரீமேசன் சங்கத்தில் சேர்ந்திருந்தார். இரண்டிற்கும் உள்ள ஒப்புமையை வரலாற்றாசிரியர் சுட்டுவர். பண்டைய ஆலய வழிபாடே மீட்கப்பட்டது என்பர் நம்பிக்கையாளர்.

1844 ஜூன் 27இல் சிறையில் இருந்த ஸ்மித்தை வன்கும்பல் கொன்றது. அவரைப் பின்பற்றியோர் நகரைவிட்டு வெளியேற வேண்டிய நிலை உருவாயிற்று. ஆயினும் ஆலயப் பணியை அவர்கள் நிறுத்தவில்லை. 1845 டிசம்பர் முதல் 1846 பிப்ரவரி வரை, இரவும் பகலுமாக, 5,000க்கும் மேற்பட்டோர் அங்கே அச்சடங்கைப் பெற்று மேற்கே புறப்பட்டனர். ஆளற்ற ஆலயம் 1848இல் தீக்கிரையாயிற்று. எஞ்சிய சுவர்களை 1850இல் சூறாவளி சிதைத்தது.

விட்டுச் செல்ல வேண்டிய இடத்தில் இத்துணை உழைப்பு ஏன்? அவர்கள் வேண்டியது சுவர்களை அன்று. அவற்றுள் கிடைத்த சொற்களை. அச்சொற்கள் நினைவிலேயே பாலைநிலம் கடந்து யூட்டா சென்றன. 1877இல், செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில், பிரிகாம் யங் அவற்றை முதன்முறையாக எழுத்தில் வடிக்கச் செய்தார். 35 ஆண்டுகள் அவை நாவிலும் நெஞ்சிலுமே வாழ்ந்திருந்தன.

மூடிய கதவுக்கு விலையும் உண்டு. ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான உறுப்பினர்க்கு 1978 வரை ஆலயச் சடங்குகள் மறுக்கப்பட்டன. உறுப்பினரல்லாத பெற்றோர், தம் மக்களின் ஆலயத் திருமணத்தை இன்றும் உள்ளே சென்று காணவியலாது. சடங்கின் வாசகமோ மாறாததன்று. 1990இலும் 2019இலும் திருத்தம் கண்டது. விலகியோர் பலர் அதனை அச்சிட்டும் உள்ளனர். எனினும் நம்பிக்கையாளர் அதுபற்றி வெளியே பேசுவதில்லை. அது இரகசியம் அன்று, புனிதம் என்பது அவர்தம் விடை. ஊரறிந்த பின்னும் காக்கப்படும் மௌனம், செய்தியை மறைப்பதற்கன்று. கொடுத்த வாக்கைக் காப்பதற்கே எனலாம்.

நாவூ ஆலயம் அதே இடத்தில் மீண்டும் எழுந்து, 2002 ஜூன் 27இல், ஸ்மித் இறந்த நாளில், நேர்ந்தளிக்கப்பட்டது. அதற்கு முன் சில வாரங்கள் அதன் கதவுகள் அனைவர்க்கும் திறந்திருந்தன. வந்தோர் எல்லோரும் அறைகளைக் கண்டனர்; அவ்வறைகளில் ஒலிக்கவிருந்த சொற்களை அன்று எவரும் கேட்கவில்லை.