இரு கார்கள், இரு கொள்கைகள்



ஒரு காரின் பெருமையை எதைக்கொண்டு அளப்பது? அதன் ஆற்றலைக் கொண்டா, அதனைப் பேணுவதிலுள்ள எளிமையைக் கொண்டா? மாணவப் பருவத்தில் நான் ஆற்றலின் பக்கமே நின்று வாதாடினேன். பின்னர், இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் ‘சில்வர் கோஸ்ட்’, அமெரிக்காவின் ஃபோர்டு ‘மாடல் டி’ ஆகிய இரண்டின் வரலாற்றையும் பயின்றபோது என் கருத்து மாறிற்று. அதன் காரணத்தைக் கூறுகிறேன்.

சில்வர் கோஸ்ட், சிறு குறையையும் பொறுக்காத பொறியாளர் ஹென்றி ராய்ஸ் அமைத்தது. ஆறு சிலிண்டர்களும், ஏழு லிட்டர் கொள்ளளவும், 48 குதிரைத்திறனும் கொண்டது. 1907ஆம் ஆண்டில் ராயல் ஆட்டோமொபைல் கழகத்தாரின் கண்காணிப்பில் 15,000 மைல் ஓடியது. அதன்பின் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி ஆராய்ந்தனர். தேய்ந்த உறுப்புகளை மாற்றிப் புதுக்க வேண்டியிருந்த பொருள்களின் விலை, இரண்டு பவுன் இரண்டு ஷில்லிங் ஏழு பென்ஸ்தான்! 1911ஆம் ஆண்டில் அவ்வினக் கார் ஒன்று, லண்டனிலிருந்து எடின்பரோ சென்று திரும்பும்வரை மேல் கியரிலேயே ஓடி, காலன் ஒன்றுக்கு 24 மைலுக்கு மேல் கடந்தது.

1908இல் தோன்றிய மாடல் டியின் நிலை என்ன? நான்கு சிலிண்டர்கள், 20 குதிரைத்திறன், மணிக்கு ஏறத்தாழ 45 மைல் வேகம், அவ்வளவே. பெட்ரோலைச் செலுத்தப் பம்பு இல்லை; இருக்கையின் அடியிலிருந்த தொட்டியிலிருந்து அது தானே இறங்கி வரவேண்டும். தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கையில் செங்குத்தான மேட்டில் ஏறினால் இயந்திரம் நின்றுவிடும். ஆகவே, காரைத் திருப்பிப் பின்னோக்கியே மேடேறினர்! தொடக்க ஆண்டுகளில் முன்புறக் கைப்பிடியைச் சுழற்றித்தான் இயந்திரத்தைக் கிளப்ப வேண்டும்; அது எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும்.

ஆற்றலில் ஒப்புமையே இல்லை. ஆயினும் பராமரிப்பைப் பாருங்கள். சில்வர் கோஸ்டைப் பேணத் தேர்ந்த ஓட்டுநர் வேண்டும். அத்தகையோரைப் பயிற்றுவிக்க நிறுவனமே பள்ளி நடத்தியது. மாடல் டியோ, சேற்றுப் பாதையில், பட்டறைக்குத் தொலைவில் வாழ்ந்த உழவனின் கையில் இருந்தது. பழுது நீங்காவிடில் அவன் விளைபொருள் சந்தைக்குப் போகாது. நோயாளி மருத்துவரிடம் போகமாட்டார். உறுப்புகள் ஒரே அளவில் செய்யப்பட்டமையால், ஒரு காரின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தியது. சிலிண்டரின் தலைப்பகுதியைத் தனியே கழற்றலாம். சில கருவிகளைக் கொண்டு, உழவன் தன் கொட்டகையிலேயே பழுதுபார்த்தான்.

1913ஆம் ஆண்டில் ஃபோர்டு தொழிற்சாலையில் நகரும் வரிசையில் கார்களைப் பூட்டத் தொடங்கினர். 1908இல் 850 டாலராக இருந்த விலை, 1925க்குள் 260 டாலராக இறங்கியது. 1927இல் உற்பத்தி முடிவதற்குள் ஒன்றரைக் கோடிக் கார்கள் வெளிவந்தன. சில்வர் கோஸ்டோ, 1926வரை எண்ணாயிரத்தைக்கூட எட்டவில்லை.

பழுதே நேராவண்ணம் செய்வது ராய்ஸின் கொள்கை. நேர்ந்த பழுதை உடையவனே நீக்குமாறு செய்வது ஃபோர்டின் கொள்கை. முன்னதை இன்றும் வியக்கிறேன். ஆனால், எளிய மனிதனைப் பிறர் கையை எதிர்பாராமல் வாழச் செய்தது பின்னதே. எந்த இயந்திரத்தைக் கண்டாலும், அது எவ்வளவு விரைவாக இயங்கும் என்று மட்டும் கேளாதீர்கள். பழுதுபட்டால் அதனைச் சீராக்க யாரால் இயலும் என்றும் கேளுங்கள்.