மெரினாக் கடற்கரையும் அதன் திட்டங்களும்

மெரினா என்பது தமிழ்ச் சொல்லன்று. 1881 முதல் 1886 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக விளங்கிய கிராண்ட் டஃப், சிசிலித் தீவில் தாம் கண்டிருந்த கடலோர உலாச்சாலையின் நினைவாக, 1884ஆம் ஆண்டில் சென்னையில் அமைத்த நடைபாதைக்கு இட்ட இத்தாலியப் பெயர் அது. மாலை வேளையில் குதிரை வண்டியேறி வந்து காற்று வாங்கும் துரைமார்க்கும் சீமாட்டிகளுக்கும் உகந்ததாக அவ்வுலாச்சாலை அமைந்தது. அதற்கு முன்னரும் அங்கே கரை இருந்தது. கட்டுமரமும் வலையும் குப்பங்களும் இருந்தன. கரையிலேயே பிறந்து வாழ்ந்தவர்களுக்குக் கரை என்ற சொல்லே போதுமானதாக இருந்திருக்கும். எனினும் உலகம் அறிந்த பெயர் ஆளுநர் இட்டதே.

இந்தப் பெயரீட்டில் ஒளிந்திருந்த பார்வை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அக்கரைக்கென வகுக்கப்பட்ட திட்டங்கள் பலவற்றிலும் தொடர்ந்து வந்திருக்கிறது. கரையைச் சாலையிலிருந்து காணத்தக்க காட்சியாகக் கொள்வதும், அங்கே தொழில் செய்வோரைக் காட்சிக்கு நேர்ந்த இடையூறாகக் கொள்வதுமே அப்பார்வை. ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின, பார்வை மட்டும் அவ்வளவாக மாறவில்லை.

இன்று மெரினாவின் பெருமையாகப் பேசப்படும் அகன்ற மணற்பரப்பு எந்தத் திட்டத்திலும் இடம்பெற்றதன்று என்பது வியப்புக்குரியது. 1640இல் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்த காலத்தில் கடலலை அதன் கிழக்கு மதிலுக்கு வெகு அருகே வந்து சென்றது. 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க ஒரு கட்டடம் எழுப்பினார்கள். 1897இல் விவேகானந்தர் வந்து தங்கிய 'ஐஸ் ஹவுஸ்' அதுவே. கரையில் இறக்கிய பனிக்கட்டி உருகுமுன் உள்ளே கொண்டு சேர்க்கவேண்டும் என்பதற்காகவே அது கடலை ஒட்டிக் கட்டப்பட்டது. இப்போது அக்கட்டடத்தின் வாயிலில் நிற்பவர் சாலையைக் கடந்து, பூங்காவைக் கடந்து, மணலில் நெடுந்தொலைவு நடந்த பின்னரே அலையில் கால் நனைக்க முடியும். கடல் அவ்வளவு தொலைவு விலகிப் போய்விட்டது.

விலக்கியது துறைமுகம். அக்காலச் சென்னையில் கப்பல்கள் கரையணைய வழியில்லாமல் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலா படகுகளே ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தன. ஆணி அடித்த படகு அந்த அலையில் உடைந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். கரையோர மக்களின் கைத்திறத்தால் நடந்த இவ்வாணிகத்துக்கு மாற்றாக 1876இல் செயற்கைத் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் இரண்டு கற்சுவர்களை நீட்டினார்கள். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில், ஒரு புயல் வந்து அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். துறைமுகம் நிலைபெற நிலைபெற மசூலா படகோட்டிகளின் பிழைப்பு முடிவுக்கு வந்தது. திட்டத்தின் பெயரால் இக்கரையில் தொழிலிழந்த முதற் கூட்டத்தார் என்று அவர்களைச் சொல்லலாம். அவர்களுக்குச் சிலை இல்லை.

வங்கக் கடலின் இப்பகுதியில், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் திங்கள்கள் நீங்கலாக ஆண்டின் பெரும்பகுதி, அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. துறைமுகத்தின் கற்சுவர் அந்த ஓயாத பயணத்தை மறித்தது. மறிபட்ட மணல் சுவரின் தென்புறத்தில் தங்கியது. ஆண்டுக்காண்டு குவிந்து, கோட்டையிலிருந்து சாந்தோம் நோக்கிக் கடற்கரையாக விரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துறைமுகப் பொறுப்பிலிருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் திறக்கச் செய்ததற்கும் இந்த மணலே காரணம். வடக்கே நேர்ந்தது வேறு. வரவேண்டிய மணல் வராததால் இராயபுரத்திலும் அதற்கு அப்பாலும் கடல் கரையை அரித்தது. கரையோர வீடுகள் கடலுக்குப் போயின. இன்றும் அங்கே பல இடங்களில் கடற்கரை என்பது கொட்டிக் குவித்த கருங்கல் அணையே. மெரினாவுக்கு மணல் சேர்ந்ததும் வடசென்னை கரையை இழந்ததும் ஒரே நிகழ்வின் இருபுறங்கள். மெரினாவின் அழகைப் பாடுவோர் இராயபுரத்துக்கும் ஒருமுறை சென்று வருதல் நலம்.

திட்டமின்றிச் சேர்ந்த மணலில் திட்டமின்றியே மக்களும் சேர்ந்தார்கள். 1907 மே மாதம் விபின் சந்திர பாலர் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணிக் கடற்கரையில் சொற்பொழிவாற்றினார். அவரை வரவழைப்பதில் முன்நின்றவர்களுள் பாரதியாரும் ஒருவர். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடலிரைச்சலுக்கு மேலே குரல் எழவேண்டும். ஆயினும் மண்டபம் வேண்டாம், வாடகை வேண்டாம், அனுமதிச் சீட்டு வேண்டாம். செல்வரும் ஏழையரும் ஒரே மணலில் அமரலாம். திலகர் பெயர் தாங்கிய திடல் அங்கே அரசியல் பள்ளிக்கூடமாயிற்று. 1919 ஏப்ரல் 6ஆம் நாள் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கடையடைப்பு நடந்தபோது சென்னை மக்கள் திரண்ட இடமும் இக்கடற்கரையே. உலா வருவதற்கென ஓர் ஆளுநர் அமைத்த இடம், அவர் கனவிலும் எண்ணியிராத பயனுக்கு வந்தது. தமிழ் மேடைப்பேச்சின் வரலாற்றை எழுதப் புகுவோர் இந்த மணலிலிருந்து தொடங்கினாலும் தவறில்லை.

விடுதலைக்குப் பின் வந்த அரசுகள் கரைக்குச் சிலைகளை வழங்கின. ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 சனவரியில் நிறுவப்பட்டது. நால்வர் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க முயலும் அவ்வுருவில் தசையின் முறுக்கம் ஒவ்வொன்றும் பேசும். 1968 சனவரியில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வள்ளுவரும் ஔவையும் இளங்கோவும் கம்பரும் பாரதியும் பாரதிதாசனும், போப்பும் கால்டுவெல்லும் வீரமாமுனிவரும், கண்ணகியும் கடலோரச் சாலையில் வந்து நின்றார்கள். ஒரு மொழி தன் புலவர்களை நகரின் முதன்மையான பொதுவெளியில் நிறுத்திய செயல் எளிதன்று, அதை எள்ளுவதற்கில்லை. கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டதும் 2006 சூனில் மீண்டும் நிறுவப்பட்டதும், கல்லுக்கும் உலோகத்துக்கும் தமிழர் எவ்வளவு பொருள் ஏற்றியிருக்கிறார்கள் என்பதைக் காட்டின.

ஆனால் சிலையாக நிற்கும் இளங்கோவின் நூலில் ஒரு கடற்கரை நகரம் உண்டு. புகாரின் கடல்சார்ந்த பகுதியாகிய மருவூர்ப்பாக்கத்தை அவர் விரிக்கும்போது யவனரின் மாளிகைகளை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. மீன் விற்பவரும் உப்பு விற்பவரும் கள் விற்பவரும் பலதொழில் வினைஞரும் அதே வீதிகளில் அதே மூச்சில் பேசப்படுகிறார்கள். மீன் மணம் நகரின் மாண்புக்கு இழுக்கு என்ற எண்ணம் அவருக்குத் தோன்றவில்லை. சங்கப் புலவரின் நெய்தலிலும் உணங்கும் மீனும் உலரும் வலையும் பாட்டுக்கு உரிய பொருள்களே. நெய்தல் நிலத்துக்குரிய மக்கள் பரதவர் என்பது தமிழ் பயின்றார் யாவரும் அறிந்தது. இலக்கியம் கற்ற ஒரு சமுதாயம் 1985இல் என்ன செய்தது என்பதை இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும்.

அவ்வாண்டு எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு மெரினாவை அழகுபடுத்த முற்பட்டது. கட்டுமரங்களும் வலைகளும் கரையிலிருந்து அகற்றப்படவேண்டும் என்று ஆணை பிறந்தது. மீனவர் இசையவில்லை. இசைவதற்கும் இயலாது. கட்டுமரம் என்பது பூட்டி வைத்துவிட்டு எங்கிருந்தோ வந்து எடுத்துச் செல்லும் பொருளன்று. அலை ஓய்ந்த நேரம் பார்த்து நான்கு பேர் தோள் கொடுத்துத் தள்ளவேண்டும். வந்திறங்கியதும் கட்டவிழ்த்து மரத்தை உலரவிடவேண்டும். ஈரம் ஊறிய மரம் நன்கு மிதக்காது. வலையை மணலில் பரப்பி உலர்த்திப் பொத்தல் தைக்கவேண்டும். அவர்களுக்கு அந்த மணல் தொழிற்சாலையின் தளம். நவம்பரில் மரங்களையும் வலைகளையும் அரசு கைப்பற்றி அகற்றியது. டிசம்பர் 4ஆம் நாள் மோதல் மூண்டு காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. மீனவர் சிலர் உயிரிழந்தனர். 'படகோட்டி'யில் மீனவனாக நடித்தவரைத் தம்முள் ஒருவராகவே கொண்டிருந்த மக்கள் அவர்கள். பாறையைப் பெயர்க்கும் நால்வரின் சிலை அதே கரையில் ஏற்கெனவே இருபத்தாறு ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. உழைப்பின் உருவத்துக்குக் கரையில் இடமிருந்தது, உழைப்புக்கு இல்லை.

1991 பிப்ரவரியில் மைய அரசு கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கையை வெளியிட்டது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானங்களுக்கு வரம்பு ஏற்பட்டது. அதன் பின்னும் கனவுகள் ஓயவில்லை. 2003இல், 1914ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இராணி மேரிக் கல்லூரியை இடித்துவிட்டு அவ்விடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்ட அரசு எண்ணியது. கடற்கரையை மலேசிய ஒத்துழைப்போடு மாற்றியமைக்கும் திட்டமும் அதே காலத்தில் பேசப்பட்டது. கல்லூரி மாணவியர் வளாகத்தை விட்டு வெளியேற மறுத்துப் போராடினர். கடற்கரைத் திட்டத்தை மீனவரும் சூழலியலாரும் எதிர்த்தனர். இரண்டும் கைவிடப்பட்டன. தென்னிந்தியாவின் தொன்மையான மகளிர் கல்லூரிகளுள் ஒன்று இன்றும் கடலை நோக்கி நிற்பது அப்பெண்களின் பிடிவாதத்தால்தான்.

மறு ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. கரையைக் காட்சியாகக் கண்டவர்க்கும் தொழிலிடமாகக் கொண்டவர்க்கும் கடல் அன்று வேறுபாடு காட்டவில்லை. காலையில் உலாவ வந்தோரும் விளையாட வந்த சிறுவரும் மீனவரும் மாண்டனர். பின்னர், பாதுகாப்பின் பெயரால் கரையோர மக்களைத் தொலைவிலே குடியமர்த்தும் பேச்சு எழுந்தது. கரையோர மாளிகைகளைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை.

2017 சனவரியில் ஏறுதழுவலுக்கான தடையை எதிர்த்து இளைஞர்கள் நாள்கணக்கில் இம்மணலில் தங்கியபோது, திலகர் திடலின் பழைய காட்சி மீண்டதாக முதியோர் பேசிக்கொண்டனர். 23ஆம் நாள் கூட்டம் கலைக்கப்பட்டது. அன்று தீக்கிரையானது நடுக்குப்பத்து மீன் சந்தை.

அண்மைக் கதை இணைப்புச் சாலையைப் பற்றியது. கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் நோக்கிக் குப்பங்களின் ஊடே செல்லும் இச்சாலை வந்த பிறகு, வீட்டு வாசலுக்கும் படகுக்கும் நடுவே வண்டிகள் விரையத் தொடங்கின. காலங்காலமாகப் படகருகே கூடை வைத்து மீன் விற்ற பெண்கள், இடம் மாறாமலேயே சாலையோர ஆக்கிரமிப்பாளர் ஆயினர். 2023 ஏப்ரலில் போக்குவரத்து இடையூறு குறித்து உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது, கடைகள் அகற்றப்பட்டன, மீனவர் படகுகளைச் சாலையில் நிறுத்தி மறித்தனர். 2024 ஆகஸ்டில் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. மேற்கூரையும் தண்ணீரும் வடிகாலும் கிடைத்தது நன்றே. சாலை ஊருக்குள் வந்ததா, ஊர் சாலைக்குள் வந்ததா என்ற வினா மட்டும் விசாரணைக்கு வராமலே இருந்துவிட்டது.

இத்திட்டங்களுக்கிடையே சிறிய வேலை ஒன்றையும் குறிப்பிடவேண்டும். சக்கர நாற்காலியில் வருவோர் அலையருகே செல்வதற்காக 2022 நவம்பரில் ஒரு மரப்பாதை திறக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகள் சாலையோரத்திலிருந்தே கடலைப் பார்த்துத் திரும்பியவர்கள் முதன்முறையாக அலையில் கை நனைத்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அப்பாதையின் ஒரு பகுதியைப் பெயர்த்தது, செப்பனிட்டார்கள். யாரையும் விரட்டாமல் ஒருவரைக் கரைக்குக் கொண்டுவரும் திட்டமும் இயலும் என்பதற்கு அந்தப் பலகைகளே சான்று.

2011இல் திருத்தி வெளியிடப்பட்ட கடற்கரை அறிவிக்கை, மீனவ ஊர்களையும் அவற்றின் பொது இடங்களையும் அரசு வரைபடங்களில் குறிக்கவேண்டும் என்றது. குறிப்பவர் வரும்வரை காத்திராமல், சென்னையின் கடலோர ஊர்கள் சிலவற்றில் மக்களே தம் கரையை வரையத் தொடங்கினர். அரசின் நிலப்படத்தில் வெற்று மணலாகத் தெரியும் பரப்பு அவ்வரைபடங்களில் நிரம்பி வழிகிறது. படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், கருவாடு காயும் இடம், ஏலம் கூவும் இடம், சிறுவர் பந்தாடும் இடம், அம்மன் கடலுக்கு எழுந்தருளும் வழி எல்லாம் எல்லை காட்டிக் குறிக்கப்பட்டுள்ளன.