மூன்றாவது ஆள்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயர் வேண்டாம். அவன் அப்பா ராணுவத்தில் இருந்தவர். பணியில் பட்ட காயத்தால் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. "சார், அப்பாவுக்குப் பென்ஷன் வருது. ஆனா அவரைப் பாத்துக்கறதுக்காக அம்மா தையல் வேலையை விட்டுட்டாங்க. அதுக்கு ஏதாவது வழி உண்டா, இல்ல அது எங்க தலையெழுத்தா?" என்று கேட்டான்.

வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் வரும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பதில் கடைசியில் இருக்கிறது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது கோட்டக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஒரு பட்டாளத்துத் தாத்தா இருந்தார். பர்மா சண்டையில் கண்ணிவெடியில் பார்வை இழந்தவர். மாதம் ஒருமுறை பென்ஷன் வாங்கப் போவார். கோலின் ஒரு முனை அவர் கையில் இருக்கும். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஆயா முன்னால் நடப்பார். வெயிலோ மழையோ, இருபது வருஷத்துக்கு மேல் இதே காட்சிதான். தாத்தாவைத் தனியே விட்டுவிட்டு ஆயா ஒரு கல்யாணத்துக்குக்கூட வெளியூர் போனதில்லை. தாத்தாவைப் பார்த்து ஊரே "பாவம்" என்றது. ஆயாவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நான் உட்பட.

அந்தக் காலத்து எல்லைக்கோடு உங்களில் பலருக்குத் தெரியாது. நம் ஊர் வெள்ளைக்காரனுடைய தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. தெற்கே நடந்து முத்தியால்பேட்டை போனால் பிரெஞ்சு ஆட்சி. இந்தப் பக்கத்து ஆள் பட்டாளத்தில் சேர்ந்தால் அவன் சிப்பாய். அந்தப் பக்கத்து ஆள் சேர்ந்தால் சொல்தா. பேசும் தமிழ் ஒன்று, குடிக்கிற தண்ணீர் ஒன்று. ஆனால் குண்டு பட்டுக் கண் போனால் பதில் சொல்ல வேண்டிய சர்க்கார் வேறு, சட்டமும் வேறு.

அந்தச் சட்டங்களில் ஒன்றைச் சொல்கிறேன். புதுச்சேரி கடற்கரையில் நீங்கள் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் போர் நினைவுச் சின்னம், 1914-18 போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பப்பட்டது. அந்தப் போர் முடிந்ததும், 1919 மார்ச் 31 அன்று, பிரான்ஸ் ஒரு பென்ஷன் சட்டம் இயற்றியது. அதில் மூன்று விஷயங்கள் முக்கியம். முதலாவது, காயம்பட்ட வீரனுக்குத் தரும் பணம் தர்மம் அல்ல, நாடு பட்ட கடனுக்கு ஈடு. இரண்டாவது, குறை பணியால் வந்ததல்ல என்று சொன்னால் அதை நிரூபிக்க வேண்டியது சர்க்கார். வீரன் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. மூன்றாவதுதான் நம் கதைக்குத் தேவை. தானாக நடமாட முடியாமல், வீட்டில் இன்னொருவரின் உதவியோடுதான் எப்போதும் வாழ வேண்டியிருக்கிறது என்றால், பென்ஷனில் கால் பங்கு கூடுதலாகத் தர வேண்டும். அந்த உதவியாளைச் சட்டமே "மூன்றாவது ஆள்" என்று குறிப்பிட்டது. கோலின் மறுமுனையைப் பிடித்த கை, முதல் தடவையாக ஒரு சட்டப் புத்தகத்தில் என் கண்ணில் பட்டது அங்கேதான்.

பிரான்ஸைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். அதே நாடு 1959 டிசம்பரில் போட்ட சட்டத்தால், விடுதலை பெற்ற காலனி நாடுகளின் பழைய வீரர்களுக்குப் பென்ஷனை இருந்த தொகையிலேயே நிறுத்தி வைத்தது. பக்கத்துப் பக்கத்தில் நின்று போரிட்ட பிரெஞ்சுக்காரருக்கு ஏறிக்கொண்டே போனது. ஊனமுற்ற வீரர்களுக்கு அந்த வித்தியாசம் நீங்கியது 2007 தொடக்கத்தில்தான். அதற்குள் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். சட்டத்தில் எழுதிய உரிமையையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் இதில் பாடம்.

இனி நம் பக்கம். இரண்டாம் உலகப்போரில் பார்வை இழந்த இந்திய வீரர்களுக்காக 1943-ல் டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி தொடங்கியது. அதை நடத்திய கிளத்தா மெக்கன்சி நியூசிலாந்துக்காரர். 1915-ல் கலிப்போலி போரில் இரண்டு கண்ணையும் இழந்தவர். கண் இழந்தவனுக்குச் சோறு போட்டு மூலையில் உட்கார வைப்பது உதவி ஆகாது, தொழில் கற்றுத்தர வேண்டும் என்று நினைத்தவர். அந்த விடுதியின் தொடர்ச்சிதான் இன்று டேராடூனில் உள்ள பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம்.

நம் ராணுவ விதிகளிலும் "மூன்றாவது ஆள்" இருக்கிறார். கான்ஸ்டன்ட் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் என்று பெயர். 100 சதவீத ஊனத்துக்கு டிசெபிலிட்டி பென்ஷனோ போர்க்காய பென்ஷனோ வாங்குகிறவருக்கு, எப்போதும் ஓர் ஆள் கூட இருக்க வேண்டும் என்று மருத்துவக் குழு சொன்னால், பென்ஷனுக்கு மேல் இது தனியாக வரும். சிப்பாய் ஆனாலும் ஆபீசர் ஆனாலும் ஒரே தொகை. ஒரு காலத்தில் மாதம் 600 ரூபாய். 2017 ஜூலையில் 4,500-லிருந்து 6,750 ஆனது. இப்போதைய தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படையில் சேர்ந்தபோது மருத்துவப் பதிவில் இல்லாத குறை பின்னால் வந்து, அதனால் வெளியே அனுப்பப்பட்டால், அது பணியால் வந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும், சந்தேகத்தின் பலன் வீரனுக்கே என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் ஒருமுறை "இல்லை" என்று கடிதம் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

தாத்தா இறந்து பல வருஷம் கழித்து ஆயாவிடம் கேட்டேன், கூட இருந்து பார்த்துக்கொள்வதற்கென்று தனியாகப் பணம் ஏதாவது வந்ததா என்று. ஆயா சிரித்துவிட்டு, "கட்டினவனைப் பாத்துக்கறதுக்கு யாருப்பா கூலி குடுப்பா?" என்றார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்ல வாய் வரவில்லை. காலம் கடந்துவிட்டது.

அதனால்தான் அந்த மாணவனிடம் உடனே சொன்னேன். அப்பாவின் பென்ஷன் ஆணையை எடு. 100 சதவீதம் என்று போட்டிருக்கிறதா, அட்டென்டன்ஸ் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா பார். இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய், மறு மருத்துவப் பரிசோதனைக்கு எழுதிக் கொடு. நகல் எடுத்து வைத்துக்கொள். போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி யாராவது இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். அவரிடம் மட்டுமல்ல, அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறவரிடமும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்