சாரத்தின் கீழ்ப்பலகை

1988 பொங்கலுக்கு முன் மதுரையில் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் கட்டி, குறுக்கே பலகை போட்ட சாரம். மேல்பலகையில் கணவர். சுண்ணாம்பைக் கலக்கித் தூக்கிக் கொடுக்கக் கீழ்ப்பலகையில் மனைவி. மூன்றாம் நாள் கயிற்று முடிச்சு நழுவியது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும் வாளியை ஏந்தியிருந்த அந்த அக்கா எதைப் பிடிப்பார்? இடுப்பெலும்பு முறிந்தது.

அப்பா ஆட்டோ பிடித்தார். கணவர் கையில் முந்நூறு ரூபாய் கொடுத்தார். “நம்மால முடிஞ்சதச் செஞ்சோம்” என்று அம்மா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், சட்டத்தைப் படிக்கும்வரை.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இலேயே வந்துவிட்டது. ஆனால் முதலாளியின் தொழிலுக்காக அல்லாமல், தற்காலிகமாக அமர்த்தப்பட்டவர் அதன் வரையறைப்படி தொழிலாளியே அல்ல. சொந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க நாம் கூப்பிடுகிற ஆள் அந்த விலக்குக்குள்தான் வருவார். அதை நீக்க 2000 வரை ஆயிற்று. இடையில் சங்கங்கள் ஓயாமல் போராடின. தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994இல் கட்டடத் தொழிலாளர் நல வாரியம், பிறகு 1996இல் மத்தியச் சட்டம். 1998இல் வந்த அதன் விதிகளில் சாரத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. வாசித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தையும், பத்து லட்சம் ரூபாய்க்கு மிகாத சொந்த வீட்டு வேலையையும் 1996 சட்டம் வெளியே நிறுத்தியது. எங்கள் வீட்டுச் சாரம் அப்போதும் வெளியேதான் நின்றிருக்கும்.

உள்ளே சேர்த்திருந்தாலும் அந்த அக்கா என்ன காட்டியிருப்பார்? இழப்பீட்டைக் கூலியை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அப்பாவின் நோட்டில் ஒரே பெயர், கணவருடையது. அதற்கு எதிரே இருவருக்கும் சேர்த்து ஒரே தொகை. சித்தாளாகச் சேரும் பெண் கடைசிவரை சித்தாளாகவே இருப்பதைப் பற்றி, அவள் கையில் யாரும் கரண்டியோ பிரஷ்ஷோ கொடுக்காததைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். கூலி அவள் கைக்கு வராதபோது அவளுக்கு நேர்ந்த விபத்தும் அவள் பெயரில் இருப்பதில்லை என்பதை அவ்வளவாக எழுதவில்லை. அன்றைய முந்நூறும் கணவர் கைக்குத்தானே போனது.

போன மாதம் அம்மாவிடம் அந்த அக்காவின் பெயரைக் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார்.

“அவரு சம்சாரம்னுதான் தெரியும். ஆனா அந்த வருஷம் சுண்ணாம்புல நீலம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு” என்றார்.